சத்தமே இல்லாத லேப்டாப்

பட்டறையில் எனக்குப் பெயர் காது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. முதலாளிகூட "காதைக் கூப்பிடு" என்றுதான் ஆள் அனுப்புவார். நாங்கள் லிஃப்ட் மோட்டார்களைப் பழுது பார்த்துக் கொடுக்கிறவர்கள். கழற்றி, துடைத்து, கம்பி சுற்றி, பேரிங் மாற்றிய பிறகு கடைசியாக மோட்டார் என்னுடைய சோதனை அறைக்கு வரும். ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக உருள்கிறதா, எங்காவது தேய்கிறதா என்று இருபத்திரண்டு வருடமாக என் காதுதான் சொல்லி வருகிறது. அது சரி என்று சொன்னால் பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டு மோட்டாரில் தொங்கவிடுவேன். அந்த அட்டை இல்லாமல் ஒன்றும் வாசலைத் தாண்டாது. இதையெல்லாம் அளக்கிற கருவி ஒன்றையும் முதலாளி வாங்கித்தான் வைத்தார். உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் தூங்குகிறது. காது இருக்கும்போது அது எதற்கு?

போன வருடம் பட்டறையில் எல்லோருக்கும் காது பரிசோதனை வைத்தார்கள். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நர்சம்மாவின் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு. சத்தம் விடுகிற பொத்தானில் அவர் விரல் அசைவது அதில் நன்றாகத் தெரிந்தது. விரல் அசைந்தபோதெல்லாம் அமுக்கினேன். நூற்றுக்கு நூறு. "காதுன்னா காதுதான்" என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாளாகவே என் காதுக்குள் ஒரு சில்வண்டு விடாமல் கத்திக்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது என் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டெலிபோன் கம்பெனியில் ஒன்பது வருடம் வாடிக்கையாளர்களின் வசவை வாங்கிக்கொண்டு, தேன் மாதிரி பதில் சொன்னவள் அவள். கம்பெனியை மூடி இரண்டு வருடமாகிறது. ஏறாத படி இல்லை. போன மாதம்தான், பார்வை இல்லாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து தருகிற நிறுவனம் ஒன்று அவளிடம் பத்து நிமிட மாதிரி கேட்டது. அனுப்பினாள். திங்கட்கிழமை பதில் வந்தது. "குரல் மிக நன்று. ஆனால் பின்னால் ஓயாத இரைச்சல். சத்தமில்லாமல் மறுபடி பதிவு செய்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும். இதுவே கடைசி வாய்ப்பு."

இரைச்சல் எங்கள் பழைய லேப்டாப்புடையது. அதைப் போட்டால் லாரி மேடு ஏறுகிற மாதிரி உறுமும். கதவைச் சாத்தினாலும் விடாது. அவள் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, "போகட்டும்ங்க, நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானாக அவளுக்கு ஒரு பரிசு வாங்கித் தந்ததில்லை. காதும் காதும் வைத்த மாதிரி ஒரு லேப்டாப் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நம் கைக்கு எட்டுகிற விலையில், முக்கியமாக, சத்தமே இல்லாத லேப்டாப்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வேலை முடிந்து கடை கடையாக ஏறி இறங்கினேன். சாயங்காலக் கூட்டத்தில் எங்கே கேட்பது? வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு சொன்னேன்.

அன்று காலையில்தான் ஆஸ்பத்திரி மோட்டார் சோதனைக்கு வந்தது. நோயாளியைக் கட்டிலோடு ஏற்றிக்கொண்டு போகிற லிஃப்டின் மோட்டார். ஐந்து மணி லாரியில் அனுப்பினால்தான் சனி, ஞாயிறுக்குள் மாட்ட முடியும். நான் கடைக்குப் போகிற அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. அட்டையை எடுத்தபோது, கம்பி சுற்றும் பிரிவிலிருந்து வைண்டிங் அக்கா எட்டிப் பார்த்தார். எனக்கு மூத்தவர், அநாவசியமாக வாயைத் திறக்காதவர்.

"தம்பி, இன்னொரு தடவை கேளேன். எனக்கு என்னமோ மெல்லிசா ஒரு கீச்சு கேக்குது."

"அக்கா, நீங்க கம்பியச் சுத்துங்க. காது வேலையக் காது பாத்துக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்காவின் முகம் சுண்டிப்போனது. திரும்பிப் போனார். நான் கையெழுத்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் மணி பன்னிரண்டாகிவிட்டது.

கடையில் நான் நினைத்த மாதிரியே ஈ காக்கை இல்லை. விற்பனைப் பெண்ணிடம் முதலில் ஏசியை நிறுத்தச் சொன்னேன், அப்புறம் சுவரில் ஓடிய டிவியை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நிறுத்தினாள். என் விலைக்குள் மூன்று லேப்டாப்களை மேஜையில் வைத்தாள். மூன்றையும் ஓடவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"சார், சார்! அதெல்லாம் கழட்டக் கூடாது!"

"கழட்ட இல்லம்மா. கேக்கறதுக்கு."

முதல் லேப்டாப்பின் விசிறி உறுமியது. இரண்டாவதில் விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. "இது ஒரு வருஷம் தாங்காது" என்றேன். "எப்படி சார் தெரியுது?" என்று அவள் வாயைப் பிளந்தாள். உச்சி குளிர்ந்தது எனக்கு. மூன்றாவதில் நுனியை வைத்தேன். ஒன்றுமே இல்லை. இடம் மாற்றி வைத்தேன். கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி அமைதி.

"இதுல விசிறியே கிடையாது சார். ஆனா இத வாங்காதீங்க."

"ஏன்?"

"வாங்கிட்டுப் போனவங்க மூணாம் நாளே திருப்பிக் குடுத்துட்டாங்க. உள்ள கீச்சுனு ஒரு சத்தம். வேற ஒரு குறையும் இல்ல. அதனாலதான் பாதி விலை. எடுத்தா திருப்பித் தர முடியாது."

"எங்க சத்தம்?"

"இப்பவும் கேக்குதே சார்."

அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். மறுபடி ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் சில்வண்டு மட்டும் கத்தியது.

"இயர்போன் மாட்டி மாட்டி உங்களுக்கெல்லாம் காதே கெட்டுப் போச்சும்மா" என்றேன். அவள் மரியாதைக்குச் சிரித்தாள். யாரோ ஒரு சந்தேகப் பிராணி சத்தமே போடாத லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான், அவன் பைத்தியக்காரத்தனம் நமக்கு லாபம் என்று நினைத்தேன். திருப்பித் தர மாட்டேன் என்கிற தாளில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நான் போட்ட இரண்டாவது கையெழுத்து அது.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் ஒரு நினைப்பு வந்தது. காலையில் அக்காவும் கீச்சு என்றார். இப்போது இவளும் கீச்சு என்கிறாள். தற்செயல்தான் என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு, பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. பெட்டியைப் பார்த்ததும் என் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "யாருக்கு?" என்றாள். "இந்த வீட்டு ராணிக்கு" என்றேன். நம்ப மாட்டாமல் பிரித்தாள். மூடியைத் தடவிப் பார்த்தாள். "எனக்கா, எனக்கா" என்று இரண்டு தடவை கேட்டாள். கண் கலங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "போட்டுப் பாரு" என்றேன்.

போட்டாள். அவள் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் நகர்ந்தது. லேப்டாப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"சத்தம் எப்படின்னு சொல்லு."

"கடையில ஓடவிட்டுக் காட்டினாங்களா?"

"காட்டாம? அரை மணி நேரம் கேட்டேன். ஒரு முணுமுணுப்பு கிடையாது."

"நீங்களே கேட்டீங்களா?"

"பின்ன, உங்கப்பாவா வந்து கேட்டாரு?"

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள், இல்லாவிட்டால் முறைப்பாள். அன்றைக்கு இரண்டும் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, வெளிச் சத்தம் நுழையாமல் போர்வைகளைத் தொங்கவிட்டு வைத்திருந்த சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் படிக்கிற குரல் கேட்டது. நின்றது. மறுபடி ஆரம்பித்தது. நின்றது. மூன்றே கால் மணிக்குக் கதவு திறந்தது. என்னைக் கடந்து போய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் சுருட்டின ஒயர் இருந்தது. லேப்டாப்பை வெளியே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். மைக்கோடு அந்த நீளமான ஒயரை இணைத்து, கதவின் அடி வழியாக அறைக்குள் இழுத்தாள். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கால் தேயத் தேடி வாங்கி வந்த பரிசு, வேண்டாத விருந்தாளி மாதிரி வெளியே உட்கார்ந்திருந்தது.

"இதை எதுக்கு வெளிய வச்சே?"

"சூடாகுதுங்க."

தொட்டுப் பார்த்தேன். "ஜில்லுனு இருக்கு."

"உள்ள இடம் பத்தல."

"நேத்து வரைக்கும் அந்தப் பழசு உள்ள உக்காந்திருந்துச்சே, அதுக்கு மட்டும் இடம் பத்துச்சா?"

ஒன்பது வருடம் முன்பின் தெரியாதவர்களைச் சமாதானப்படுத்தியவளுக்கு என்னிடம் ஒரு பொய் சொல்ல வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "மணி மூணே முக்கால். அஞ்சுக்குள்ள அனுப்பணும். சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். தயவுசெஞ்சு ஒரு சின்னச் சத்தமும் வேண்டாம்." கதவு சாத்திக்கொண்டது.

நான் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். அசையக்கூடப் பயமாக இருந்தது. திரையில் அவள் குரல் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. பேசும்போது மேலும் கீழும் குதிக்கும், நிறுத்தினால் நூல் மாதிரி படுத்துவிடும். அதற்கு மேலே, கொஞ்ச நேரம் முன்பு அறைக்குள் லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துப் பதிந்த சோதனைப் பதிவும் இருந்தது. அதிலும் கோடு குதித்தது. ஆனால் அவள் பேசாத இடங்களில் அது படுக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவில், தடிமனாக, கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் சிலிர்த்துக் கிடந்தது.

காதுக்கு அடுத்தபடி, சோதனை அறையில் கரண்ட் மீட்டரின் முள்ளையும் கோட்டையும் பார்த்துப் பழகியவன் நான். அதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் வாயை மூடியிருந்தபோது அந்த அறையில் வேறு ஏதோ கத்தியிருக்கிறது.

மெதுவாகக் குனிந்து காதை லேப்டாப்பின் மேலேயே வைத்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு காதை வைத்தேன். ஒன்றுமில்லை. எதிரே நிற்கிற ஆள் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், எனக்கு அவன் குரல் கேட்கவில்லை. அப்படித்தான் இருந்தது. பயந்துவிட்டேன். இந்த வயதில் இப்படி ஒரு பயம் வரும் என்று நான் நினைத்ததில்லை. சத்தம் வந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

நாலரைக்கு அவள் வெளியே வந்தாள். நான் எதிரில் இருப்பதைப் பார்க்காதவள் மாதிரி பதிவை அனுப்புவதற்கான வேலையைத் தொடங்கினாள். நீலக் கோடு ஒன்று மெல்ல வளர ஆரம்பித்தது.

"இது கத்துதா?" என்று கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"போட்டதிலேர்ந்து. இப்பவும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா நின்னீங்க. எப்படிச் சொல்வேன்?" அவள் குரல் இறங்கியது. "எனக்கு ஒரு வருஷமாவே தெரியும்ங்க. கெட்டில் விசில் அடிச்சா நீங்க திரும்பறதில்ல. உங்க கைக்கடிகாரத்து அலாரம் தினமும் என்னைத்தான் எழுப்புது. வெளிய தெரிஞ்சா உங்க பேரு என்னாகுமோன்னு நானும் வாயக் கட்டிக்கிட்டேன். கெட்டில் வேற, மோட்டார் வேற, வேலையில உங்களுக்கு நல்லாத்தான் கேக்கும்னு நினைச்சேன்."

"வேற இல்ல" என்றேன். "பேரிங் கெட்டுப்போகும்போது முதல்ல வர்றது கீச்சுதான். உறுமறதெல்லாம் அப்புறம்தான் வரும்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு எதுக்காவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"ஆஸ்பத்திரி லிஃப்ட்."

"அது எப்ப போகுது?"

"அஞ்சு மணிக்கு."

மணி நான்கு நாற்பது. பேரிங் போனாலும் லிஃப்ட் ஒன்றும் அறுந்து விழுந்துவிடாது. பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோகும், கட்டிலில் படுத்திருக்கிற ஆளோடு. "திங்கட்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்" என்றேன். சொன்னது என் வாய்தான், ஆனால் எனக்கே அருவருப்பாக இருந்தது. போய் என்ன செய்வேன்? மறுபடி இந்தக் காதைத்தான் வைப்பேன். இப்போதே பட்டறைக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னால் சோதனை அறை வேலை போய்விடும். சம்பளத்தில் பாதியும் போகும். துடைத்துக் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் நிற்க வைப்பார்கள், அதுவும் மனசு வைத்தால். அவளுக்கு இந்த வேலை கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

அவள் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதையே பார்த்தேன். முக்கால் தாண்டியது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கடைசி வரை போய்ச் சேர்ந்ததும் பெருமூச்சு விட்டாள். அறைக் கதவில் அடைத்திருந்த துண்டை உருவி எடுத்து உதறினாள்.

"என்னோடது போயிடுச்சுங்க. இனிமே வீட்டுல யாரும் அமைதியா இருக்க வேண்டியதில்ல" என்றாள்.

மணி நான்கு ஐம்பத்திரண்டு. போனை எடுத்தேன். பட்டறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் வைண்டிங் அக்கா.

"யாரு?"

"காதுதான் அக்கா."

"சொல்லு." காலையில் நான் பேசிய பேச்சு அந்த ஒரு சொல்லில் இருந்தது.

"லாரி போயிடுச்சா?"

"மோட்டார ஏத்தியாச்சு. கயிறு கட்டிக்கிட்டு இருக்காங்க."

"இறக்கச் சொல்லுங்க. பச்சை அட்டையக் கழட்டிடுங்க."

"ஏன், என்னாச்சு?"

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள், தொடவில்லை.

"நீங்க காலைல சொன்ன கீச்சு இருக்கே, அது எனக்குக் கேக்கல அக்கா. இப்பவும் கேக்காது."

அந்தப் பக்கம் போனைக் கீழே வைத்துவிட்டு அவர் ஓடுகிற சத்தம், "ஏய் நிறுத்து, நிறுத்து" என்கிற கத்தல், இரும்புக் கதவு இழுபடுகிற சத்தம். இதெல்லாம் எனக்கு நன்றாகவே கேட்டது. திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"நிறுத்தியாச்சு தம்பி." கொஞ்சம் தயங்கினார். "இந்த ஒரு வருஷமா நீ அட்டை போட்டு அனுப்பினதெல்லாம்?"

அதை அவர் கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. "பட்டியல் என் மேஜை டிராயர்ல இருக்கு. அலமாரில இருக்கற கருவிய எடுத்து வெளிய வைங்க. காலைல முதல் ஆளா வந்துடறேன். முதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன். அப்புறம்... காலைல எல்லாரும் சிரிக்கற மாதிரி உங்களப் பேசிட்டேன். தப்பு என்னோடது."

"அத அப்புறம் பாத்துக்கலாம். நீ முதல்ல டாக்டரப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உட்கார்ந்துகொண்டேன். என் மனைவி லேப்டாப்பை மூடப் போனாள். "இருக்கட்டும்" என்றேன். "பாதி விலைக்கு லேப்டாப்பும் தந்து, காதையும் சோதிச்சுச் சொல்லிடுச்சு. இவ்வளவு மலிவா வேற எவன் குடுப்பான்?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அது எப்படித்தான் கத்துது? எனக்குச் செஞ்சு காட்டு" என்றேன்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பல்லிடுக்கில் காற்றைச் செலுத்தி மெல்லிசாக விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்தாள். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு துடித்தது. எனக்கு வெறும் காற்று மட்டும்தான் கேட்டது. சுருதியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். தலையாட்டினேன். இறக்கினாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கேட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். நர்சம்மாவின் விரல் ஞாபகம் வந்தது.

எழுந்து என் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன்.

"முதல்லேர்ந்து பண்ணு. கேட்டா கையத் தூக்கறேன்."

அவள் ஆரம்பித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ரொம்ப நேரம் என் கை மடியிலேயே கிடந்தது.